கல்லூரியில் சீட் கிடைத்துவிட்டது, பணத்துக்கு என்ன வழி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் செய்திகளும் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்து வீடுகளில், பிள்ளைக்கு மதுரையிலோ திருச்சியிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கட்ட வேண்டிய தொகையைக் கேட்டு வீடே கலங்கிப் போயிருக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலைக்குப் போகிறார். மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். மதுரையில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் பி.காம். கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும், ஹாஸ்டல் தனி என்கிறார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே அக்கா, குறைக்க மாட்டார்களா? படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார் அவர்.

முதலாளியிடம் போவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா: "இந்த பி.காம். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" நம் ஊர்ப் பக்கம் பிள்ளைகளைச் சேர்க்கிற பழைய கிறிஸ்தவக் கல்லூரிகள், மதுரையில் 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் வந்த லேடி டோக், 1953-ல் வந்த பாத்திமா எல்லாமே அரசு உதவி பெறும் கல்லூரிகள்தான், ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பாடப்பிரிவுகளும் நடக்கின்றன. வாசல் ஒன்று, சான்றிதழில் கல்லூரிப் பெயர் ஒன்று, கட்டணம் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, சுயநிதியில் அதை உங்கள் மகளின் கட்டணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நாற்பதாயிரம் என்றால் அநேகமாகச் சுயநிதியாகத்தான் இருக்கும். விண்ணப்பப் படிவத்திலேயே பாடங்களை இரண்டு பட்டியலாகப் போட்டிருப்பார்கள், பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக் அடித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். உதவி பெறும் பி.காம். நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருடமும் இன்ஜினீயரிங், நர்சிங் கிடைத்துப் போகிறவர்களால் இடம் காலியாகும். இல்லையென்றால் உதவி பெறும் பிரிவில் பொருளாதாரமோ வரலாறோ கணிதமோ மகளுக்குப் பிடிக்குமா என்று அவளிடமே உட்கார்ந்து பேசுங்கள். பிடிக்காத பாடத்தில் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடக் கட்டண வித்தியாசம் என்னவென்று தெரிந்தபிறகு அந்தப் பேச்சு நடக்கட்டும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். மீனவர் என்றால் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களையும் சேர்த்தே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறீர்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கிற பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு, மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வருமான வரம்பு கூடக் கேட்பதில்லை. சுயநிதியில் சேர்ந்தால் இந்த வாசல் இப்படித் திறக்காது. அதனால்தான் முதல் கேள்வியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். 2022-ல் தொடங்கியபோது அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். கான்வென்ட் பள்ளி என்பதால் நமக்கு இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே, எந்த வழியில் படித்தாள் என்பதற்குப் பள்ளியில் சான்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது சேர்ந்தே வரும், சுயநிதிப் பிரிவில் சேர்ந்தாலும் வரும். வீட்டில் தம்பி இருந்தால் அவனுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், அதே 1000 ரூபாய்.

ஹாஸ்டலுக்குக் கல்லூரி விடுதி ஒன்றுதான் வழி என்றில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி விடுதிகள் மதுரையில் இருக்கின்றன, இப்போது சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது.

நீங்கள் கேட்ட "குறைக்க மாட்டார்களா" என்பதற்கு வருகிறேன். குறைப்பார்கள், ஆனால் கிறிஸ்தவர் என்பதற்காக எல்லோருக்கும் தானாகக் குறைந்துவிடாது. இந்தக் கல்லூரிகளில் பழைய மாணவர்களும் குடும்பங்களும் யாருடைய நினைவாகவோ வைத்துவிட்டுப் போன அறக்கட்டளை நிதிகள் உண்டு, அதிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் பேருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். சில கல்லூரிகளில் மதியச் சாப்பாடு இலவசம், சிலவற்றில் நூலகத்திலோ அலுவலகத்திலோ சில மணி நேரம் வேலை செய்தால் சிறு ஊதியம். பெரும்பாலும் இதற்கெல்லாம் விண்ணப்பம் சேர்ந்த பிறகுதான் கொடுப்பார்கள், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஒரு வாரத்தில் தேதி முடிந்துவிடும். மகள் முதல் வாரத்திலேயே துறைத்தலைவரிடம் போய் "நிதி உதவிக்கு எங்கே விண்ணப்பிக்கணும்" என்று கேட்கட்டும். கேட்கக் கூச்சப்பட்டு, தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு வருகிற வீடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அந்தப் பணம் உங்கள் மகளைப் போன்றவர்களுக்காகவே வைத்தது.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சேர்க்கைக் கட்டணமும் சரியாக அந்த நாட்களில்தான் வந்து நிற்கிறது, விசைப்படகு கரையில் கிடக்கும்போது. இதைக் காரணமாக எழுதி, கட்டணத்தை இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளும்படி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், மீனவர் அடையாள அட்டை நகலை இணைத்து. மதுரையில் இருப்பவருக்குத் தடைக்காலம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், நாம்தான் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கினால் சீசன் முழுக்க அந்த ஒரு படகிலேயே கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் கட்டணம் குறையுமா?

அந்தக் கடிதமும் திருமுழுக்குச் சான்றிதழும் சிறுபான்மை ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போது உதவும், நிர்வாகம் தன் சொந்த நிதியிலிருந்து கொடுப்பதற்கும் உதவும். அரசு உதவித்தொகைக்கு அதைப் பார்க்க மாட்டார்கள், அங்கே சாதி, வருமானச் சான்றிதழ்கள்தான். கடிதம் வாங்குவதென்றால் "நல்ல குடும்பம்" என்று பொதுவாக எழுதாமல், வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், யார் சம்பாதிக்கிறார்கள் என்று எழுதித் தரும்படி சாமியாரிடம் கேளுங்கள். படிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து ஒரு மாணவர்: எங்கள் தாத்தா காலத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்தோம். சான்றிதழில் கிறித்துவ ஆதிதிராவிடர், பி.சி. என்று இருக்கிறது. எஸ்.சி. உதவித்தொகை உனக்குக் கிடையாது என்று கல்லூரியில் ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா?

இல்லை தம்பி. இதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். இட ஒதுக்கீட்டில் நீங்கள் பி.சி.தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கல்வி உதவித்தொகையில், ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகையைத் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மூன்று தரப்புக்கும் கொடுக்கிறார்கள். மத்திய அரசின் திட்டத்தில் மதம் மாறியவர்களுக்கு இடமில்லை என்பதால் உங்களுக்கான பணத்தை மாநில அரசு தருகிறது, அவ்வளவுதான். பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

2012-ல் வந்த அரசாணை 92-ஐயும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கிறது என்பது அதன் சாரம், கிறித்துவ ஆதிதிராவிடர்களும் அதில் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மட்டும் இது சிக்கல், அதனால் "மேனேஜ்மென்ட் சீட் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு பணம் போகிறது என்று கணக்குப் போடுங்கள். கல்லூரியில் மறுபடியும் இல்லை என்றால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ராமநாதபுரம் ஆட்சியர் வளாகத்தில் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் தாத்தா எந்தக் கோயிலுக்குப் போக முடிவெடுத்தார் என்பதற்காக நீங்கள் படிப்பை இழக்க வேண்டியதில்லை.

பாம்பனிலிருந்து ஒரு தந்தை: மகனுக்குக் கோவையில் ஒரு கிறிஸ்தவ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். கிடைத்திருக்கிறது. மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்கிறார்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் சேர்ந்து கிடைக்குமா?

முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கான அந்தக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் தொழிற்கல்வி சேர்கிறவர்களுக்குத்தான். கோவை காருண்யா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கையைத் தாங்களே நடத்துகின்றன, அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. மகன் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் இன்னும் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் வரை அரசே கட்டுகிறது. நான்கு வருட பி.டெக். செலவே இல்லாமல் முடிகிற ஒரு வழியை, பெரிய வளாகத்தையும் ஏ.சி. வகுப்பறையையும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

அங்கேதான் சேர்ப்பது என்று முடிவானால் ஸ்காலர்ஷிப் கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். எத்தனை சதவீதம் என்பதைவிட எதில் அத்தனை சதவீதம் என்பதைப் பாருங்கள், கல்விக் கட்டணத்தில் மட்டுமா, விடுதியும் சேர்ந்ததா? முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா? ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் நின்றுவிடுமா? எட்டு செமஸ்டருக்கும் மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், கிறிஸ்தவர்களுக்கு டாம்கோ என்கிற தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தில் தொழிற்கல்விக்குக் கல்விக்கடன் இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான முதல் திட்டத்தில் வட்டி 3 சதவீதம், 20 லட்சம் வரை. இரண்டாம் திட்டத்தில் மாணவர்களுக்கு 8, மாணவிகளுக்கு 5 சதவீதம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ விண்ணப்பம் கேளுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: அடமானம் வைக்க எதுவும் இல்லை என்று வங்கியில் கல்விக்கடன் மறுத்துவிட்டார்கள்.

நான்கு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். கவுன்டரில் பேசிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், அப்போதுதான் மறுத்தாலும் காரணம் பதிவாகும். காரணம் நியாயமாகப் படவில்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். நீங்களோ மனைவியோ பழைய நகைக்கடன், குழுக்கடன் எதையாவது கட்டாமல் விட்டிருந்தால் அது சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் தெரியும், அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போவது நல்லது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பு தொழிற்கல்வியாக இருந்தால், படிக்கிற காலமும் அதன்பின் ஒரு வருடமும் உள்ள வட்டிக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறது. கடன் வாங்கும் அன்றே அதைக் கேட்டு எழுதி வையுங்கள், கிளையில் அவர்களாக நினைவுபடுத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவி: அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு இடமும் வருடம் 12,000 டாலர் ஸ்காலர்ஷிப்பும் வந்திருக்கிறது. மீதிக்கு அமெரிக்க அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்.

அந்தக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்கிற விண்ணப்பமாக இருக்கும், பெல் கிராண்ட் உள்ளிட்ட அமெரிக்க அரசு உதவிகளுக்கான வாசல் அதுதான். ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை போன்ற தகுதி உள்ளவர்களுக்கும் மட்டுமே. மாணவர் விசாவில் இங்கிருந்து போகிறவர்களுக்குக் கிடையாது. அந்த விண்ணப்பமே இலவசம் என்பதையும் ஏஜென்டிடம் சொல்லுங்கள்.

12,000 டாலர் என்பது பெரிய தொகையாகத் தெரியும். அங்கே தனியார் கல்லூரிகள் பெரிய கட்டணத்தைப் போட்டு அதில் ஒரு பகுதியை ஸ்காலர்ஷிப் என்று கழிப்பது வழக்கம். அதனால் கழித்தபின் நிற்கும் தொகையைப் பாருங்கள்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசாவுக்கான ஐ-20 படிவம் தருவார்கள். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்தான், அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. சில கிறிஸ்தவக் கல்லூரிகளில், உங்கள் சபை ஒரு தொகை கொடுத்தால் அதே அளவு கல்லூரியும் போடுகிற ஏற்பாடு உண்டு, அது வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

உண்மையிலேயே பணமில்லாத பிள்ளைகளுக்காக நடக்கிற இடம் ஒன்று சொல்கிறேன். கென்டக்கி மாநிலத்தில் 1855-ல் கிறிஸ்தவ அடிப்படையில் தொடங்கிய பெரேயா கல்லூரி, கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. எல்லா மாணவர்களும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் வருடம் தங்குமிடம், சாப்பாடு வரை பொறுப்பேற்கிறது. அங்கே எடுப்பது வருடத்துக்கு மிகக் கொஞ்சம் பேரைத்தான், போட்டி கடுமை. முயற்சி செய்யுங்கள், கூடவே உள்ளூரிலும் ஒரு இடத்தை உறுதி செய்து வையுங்கள். நம் அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். இளங்கலையை இங்கே நன்றாக முடித்துவிட்டு முதுகலைக்குப் போனால் வழிகள் கூடும், என் மகளோ தங்கையோ கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மண்டபத்திலிருந்து ஒரு மாணவி: மத்திய அரசு 12,000 ரூபாய் தருகிறது என்கிறார்களே?

ஆமாம், பி.எம்.-யு.எஸ்.பி. என்று பெயர், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் பாடத்திட்டத்தில் எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். வேறு உதவித்தொகை வாங்கினால் இதை வாங்க முடியாது, அதனால் இரண்டில் எது அதிகம் என்று பார்த்துவிட்டு ஒன்றில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு மாணவி: அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறார். போன வருடம் சேர்ந்தேன், என் கூட விண்ணப்பித்தவர்களுக்கு எல்லாம் பணம் வந்துவிட்டது, எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. கல்லூரியில் கேட்டால் நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள்.

அநேகமாக வங்கிக் கணக்கில்தான் கோளாறு. அரசுப் பணம் நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை, உங்கள் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. ஆதார் நகலை வங்கியில் கொடுத்துவிட்டால் இணைந்துவிட்டது என்று நினைக்கிறோம், அது உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கிற கே.ஒய்.சி. மட்டும். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கான இணைப்புக்குத் தனியாக ஒரு ஒப்புதல் படிவம் தர வேண்டும். பள்ளியில் படிக்கும்போது திறந்து, பிறகு தொடாமல் விட்ட கணக்கு முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிப் போய்விடும். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். வங்கிக்கு அலைய முடியவில்லை என்றால் தபால் அலுவலகத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று திறந்து அங்கேயே இணைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கல்லூரியில் உங்கள் யு.எம்.ஐ.எஸ். எண்ணை, அதாவது கல்லூரி மாணவர் விவரங்களை அரசு பதிவு செய்து வைக்கிற தளத்தில் உங்களுக்குத் தந்த எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் இருந்தாலே சிக்கும், ஞானஸ்நானப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்து வருகிற நம் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி இப்போதே புதுப்பித்துவிடுங்கள், இந்த வருட விண்ணப்பத்துக்கு அது வேண்டும். போன வருடத்துப் பணத்துக்கு கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். கணக்கைச் சரிசெய்த பிறகும் நிலவரம் மாறவில்லை என்றால் அந்த நகலோடு எனக்கு எழுதுங்கள்.